சோப்பு நுரையில் தெரிந்த கசிவு

சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு பட்டறையில் காருக்கு ஏ.சி. கேஸ் நிரப்பினேன். இந்த ஆண்டு அக்னி நட்சத்திரம் பிறப்பதற்குள் மறுபடியும் வெறும் காற்றுதான் வந்தது. வாரம் இருமுறை அம்மாவை மேலூரிலிருந்து மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்து வருகிறேன். நான்கு வழிச்சாலையின் புழுதியிலும் அனலிலும் கண்ணாடியை இறக்கிவிட்டு அவரை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கார் ஏ.சி. வேலை தெரிந்த என் தாய்மாமாவிடம் சொன்னேன். "மாப்பிள்ளை, அது பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? எங்கே போகிறது என்று முதலில் பார்" என்றார். பட்டறையில் யாரும் கேட்காத கேள்வி அது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுமுன் பானெட்டைத் திறந்தேன். ஏ.சி. குழாய் இணைப்புகளிலெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவினேன். தடித்த குழாயில் இருக்கும் லோ பக்க வால்வில், அதாவது அழுத்தம் குறைந்த பக்கத்தில் கேஸ் நிரப்பும் வாயில், மூடி இல்லை. அங்கே சிறுசிறு குமிழ்கள் எழுந்தன. டயர் வால்வு ஊசியைத் திருகும் சாவி என் வண்டிக்குப் பொருந்தியது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து மெல்ல இறுக்கினேன். குமிழ் நின்றது. அப்போது வந்த நிம்மதி, பிறகு குளிர்ந்த காற்று வந்தபோதுகூட வரவில்லை.

அழுத்தம் காட்டும் கேஜை அந்த வால்வில் மாட்டியதும் முள் 95 பி.எஸ்.ஐ. காட்டியது. கேஸ் போதுமான அளவு இருக்கிறது என்று இதை நம்பி ஏமாறக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது, உள்ளே கொஞ்சமாவது திரவமாக இருக்கும்வரை, ஆர்134ஏ என்ற இந்தக் கேஸ் குறைவாக இருந்தாலும் நிறைய இருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான். அது வெப்பநிலையைப் பொறுத்தது. எஞ்சினை ஓட்டி, ஏ.சி.யை முழுக் குளிரில் வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது: முள் சரசரவென இறங்கியது, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் விட்டது, சில நொடிகளில் மறுபடி பிடித்தது, மறுபடி விட்டது. கேஸ் குறைவு என்பதற்கு அதுவே அடையாளம்.

பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த தாள் கேஸின் மொத்த அளவு 420 கிராம் என்றது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாததால், கேஸ் டின்னைச் சமையலறைத் தராசில் எடைபோட்டுக்கொண்டேன். டின்னை வால்வோடு இணைக்கும் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு, டின்னை நிமிர்த்தியே பிடித்து, சிறிது சிறிதாக விட்டேன். கவிழ்த்தால் திரவம் போய் கம்ப்ரசரைக் கெடுத்துவிடும். 130 கிராம் போனதும் கிளட்ச் விடாமல் பிடித்தது, முள் 38-இல் நிலைத்தது, காற்றுத் துவாரத்தில் வைத்த வெப்பமானி 9 டிகிரிக்கு இறங்கியது. அங்கேயே நிறுத்தினேன். அதிகமானாலும் குளிர் குறையும் என்று மாமா எச்சரித்திருந்தார்.

முதலில் கேஜ் பூஜ்யத்தைக் காட்டியிருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். அப்படியானால் உள்ளே காற்றும் ஈரமும் புகுந்திருக்கும். வெற்றிட இயந்திரம் வைத்து இழுத்த பிறகுதான், எடை பார்த்து நிரப்ப வேண்டும்.

அந்த வால்வுக்குப் புது மூடி வாங்கி மாட்டினேன். ஆறு வாரம் கழித்து நேற்று மறுபடி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழ்கூட இல்லை.