மெத்தையும் மாஸ்டரும்

பள்ளியில் எங்களுக்கு ஜூடோ பழக்கிய மாஸ்டர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த சற்று நேரத்திலேயே கைகூப்பும் படங்கள் குவிந்துவிட்டன. கிரிக்கெட் அணித் தலைவர்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த இந்த மலரில் அவருடைய பெயர் வருவது, எனக்குத் தெரிந்து, இதுதான் முதல் தடவை.

சேர்ந்த முதல் தவணை முழுவதும் நாங்கள் ஒருவரையும் வீசவில்லை, விழுந்தோம். மரத்தூள் நிரப்பிக் கித்தான் போர்த்திய அந்த மெத்தையில், நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு தொடும் அதே கணத்தில் கையால் ஓங்கி அறைய வேண்டும். யார் பிழையாக விழுந்தது என்பதை மாஸ்டர் திரும்பிப் பாராமல் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். "தம்பி, தலை முந்துகிறது." காலை வாரிப் பின்னால் சாய்க்கும் ஒசோட்டோ காரியைப் புதியவர்கள் தொடவே கூடாது, பின்மண்டை அடிபடும். இடம் போதவில்லை என்று முணுமுணுத்தால், 1882இல் டோக்கியோக் கோயில் ஒன்றில் 12 பாய் விரித்த அறையில் கானோ ஜிகோரோ ஜூடோவைத் தொடங்கிய கதை வரும். "நமக்கு அதைவிடப் பெரிய இடம்."

எழுபதுகளின் கடைசியில் மாணவிகளையும் சேர்த்துக்கொண்டார். ஊரே சிரித்தது. ஆண்கள் ஜூடோ 1964இலேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவிட்டது. பெண்களுக்கு முதல் உலகப் போட்டி 1980இல்தான், ஒலிம்பிக் பதக்கம் 1992இல்தான். 1959இல் நியூயார்க் மாநிலப் போட்டியொன்றில் ஆண் வேடத்தில் வென்ற ரஸ்டி கானோகோகியிடமிருந்து பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்று பின்னாளில் படித்தபோது, மாஸ்டர் எதை எதிர்த்து நின்றார் என்பது விளங்கியது.

அதற்கு விலை கொடுத்தவன் நான். பரிசளிப்பு விழா மேடையில், என்னைவிட இரண்டு வகுப்பு குறைந்த மாணவி என் கையைப் பிடித்துத் தோளுக்கு மேலாகத் தூக்கி எறிந்தாள். மண்டபம் அதிர்ந்தது. நான் எழுந்ததும் மாஸ்டர் மறுபடி எறியச் சொன்னார். மறுபடியும். திரைக்குப் பின்னால் ஆறுதல் எதிர்பார்த்து நின்றேன். "கை அறைந்த சத்தம் நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு மெத்தையைச் சுருட்டப் போனார். ஒன்றுகூடல்களில் இன்றும் நான் 'மூட்டை'தான்.

பிறகு சனிக்கிழமைச் சிறுவர் வகுப்பை என்னிடம் விடுவதாக இருந்தார். விசா வந்தது, போய்விட்டேன். இங்கே வில்போல் அமுங்கும் தளத்தில் பழகிக் கறுப்புப் பட்டி வாங்கி, படம் அனுப்பினேன். பதில் ஒரே வரியில் வந்தது: "யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறாய்?" வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று எழுதத் தொடங்கிய கடிதத்தை அனுப்பவில்லை.

சிறுவர் வகுப்பை நடத்தியவள், இப்போதும் நடத்துகிறவள், என்னை எறிந்த அந்த மாணவிதான். அவளிடம் பழகியவர்களில் சிலர் இன்று நடுவர்கள். மாஸ்டர் பெயரில் வெள்ளிச் சுழற்கிண்ணம் வைக்க நம் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. பொறிக்க வேண்டிய எழுத்துகளைப் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. அவள் கேட்டிருப்பது மெத்தைகள். என் பங்குப் பணத்தை நேரே அவளுக்கே அனுப்பிவிட்டேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.