நிலாவெளி ஹோட்டலில் ஆறு ட்ரைவ்களைப் பி.எம்.எஸ்ஸில் இணைத்த அனுபவம்

நிலாவெளியில் கடற்கரையை ஒட்டிய ஒரு ஹோட்டல். ஏசிக்குக் குளிர்நீர் அனுப்பும் பம்புகளுக்கும் ஃபேன்களுக்குமாக ஆறு ட்ரைவ்கள் (மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள்) ஏற்கெனவே பூட்டியிருந்தார்கள். ஆனால் எல்லாமே கீபேடில் 50 ஹெர்ட்ஸ், அதாவது முழு வேகம், என்று வைத்தபடி ஓடிக்கொண்டிருந்தன. மாரி காலத்தில் அறைகள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தாலும் அதே வேகம்தான். வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் பம்ப் இழுக்கும் மின்சாரம் கணக்குப்படி ஏறத்தாழ பாதியாகிவிடும். அதற்காகத்தான், கட்டடத்தின் கருவிகளை ஓரிடத்திலிருந்து கண்காணித்து இயக்கும் பி.எம்.எஸ்ஸில் இணைக்கக் கேட்டார்கள்.

கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழிகளான மொட்பஸ், பேக்நெட் இரண்டுமே ட்ரைவில் இருந்தன. பி.எம்.எஸ்ஸின் கொன்ட்ரோலர் பேக்நெட்டின் எம்.எஸ்/டி.பி வகையைப் பேசுவதால் அதையே எடுத்தோம். தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் ரெஜிஸ்டர் இலக்கம் ஒன்று தள்ளிப்போகும் மொட்பஸ் தலையிடியும் இல்லை.

முதலில் வயர். முன்பு வேலை செய்தவர்கள் பனலில் இருந்து ஒவ்வொரு ட்ரைவுக்கும் தனித்தனியாகக் கேபிள் இழுத்து வைத்திருந்தார்கள். எம்.எஸ்/டி.பி ஓடும் ஆர்.எஸ்-485 வகை வயரிங் அப்படிப் போகக் கூடாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகத்தான் போக வேண்டும். அப்படியே மாற்றினோம். கரண்டை நிறுத்திவிட்டு இரண்டு வயருக்கும் இடையில் மீட்டரை வைத்தால் சுமார் 20 ஓம் காட்டியது. ஆறு ட்ரைவிலும், வரிசையின் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டர் சுவிட்சை ஓனில் விட்டிருக்கிறார்கள்! வரிசையின் இரு முனைகளில் மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்த பிறகு 60 ஓம் வந்தது. உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த முனைகளையும் வெட்டிப் புதிதாகப் பூட்டினோம்.

அப்புறமும் ஒரு விசித்திரம். மோட்டர்கள் நின்றால் தொடர்பு நன்றாக இருக்கும், ஓடத் தொடங்கினால் விட்டுவிட்டு வரும். நெட்வேர்க் கேபிளை மோட்டர் கேபிளோடு சேர்த்து ஒரே ட்ரேயில் கட்டியிருந்ததுதான் காரணம். ஓரடி தள்ளிக் கொண்டுபோய், குறுக்கிடும் இடத்தில் செங்குத்தாகக் கடக்க விட்டு, கேபிளின் உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ததும் அடங்கியது.

முகவரி வேலை லேசு. எம்.எஸ்/டி.பி முகவரி அந்த வரிசைக்குள் தனித்தனியாக இருக்க வேண்டும். பேக்நெட்டில் கருவியை அடையாளம் காட்டும் டிவைஸ் இன்ஸ்டன்ஸ் இலக்கம் முழு நெட்வேர்க்கிலுமே இரண்டாம் முறை வரக் கூடாது. தரவு போகும் வேகமான பாட் ரேட் எல்லாவற்றிலும் ஒன்றுதான். மாற்றியபின் ட்ரைவை ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருந்தது.

இப்போது வேகம், கரண்ட் எல்லாம் திரையில் தெரிகிறது, ஆனால் கட்டளை கொடுத்தால் ட்ரைவ் அசையவில்லை. ஸ்டார்ட் எங்கிருந்து, வேகம் எங்கிருந்து என்று இரண்டு தனி பரமீட்டர்கள். இரண்டும் கீபேடிலேயே இருந்தன. அவற்றை நெட்வேர்க்குக்கு மாற்றியதும் ஐந்து ட்ரைவ் வழிக்கு வந்தன. ஒரு பம்ப் மட்டும் பி.எம்.எஸ்ஸின் நேர அட்டவணையான ஷெட்யூலை மதிக்கவில்லை. யாரோ கையால் கொடுத்த கட்டளை பேக்நெட்டின் 8ஆம் முன்னுரிமையில் அப்படியே கிடந்தது. ஷெட்யூல் எழுதுவதோ 16இல். எண் சிறிதாக இருப்பதுதான் வெல்லும். அந்த எட்டை விடுவித்ததும் சரி.

என்னைக் கேட்டால் இந்த வேலையில் அதிக நேரம் பேச வேண்டியது, தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான். பலர் ட்ரைவில் முதலே இருக்கும் அமைப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பராமரிப்புப் பொறுப்பாளர் சேர் தெளிவாகச் சொன்னார்: "தம்பி, வயர் அறுந்தாலும் பம்ப் நிக்கக் கூடாது. அறை சூடானா கெஸ்ட் என்னைத்தான் தேடி வருவாங்க."

அதனால் பிரஷர் சென்சரைக் கொன்ட்ரோலருக்குக் கொண்டுபோகாமல் நேராகப் பம்ப் ட்ரைவிலேயே பூட்டினோம். பிரஷரைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பி.ஐ.டி கணக்கு ட்ரைவுக்குள் ஓடுகிறது; எவ்வளவு பிரஷர் வேண்டும் என்பதை மட்டும் பி.எம்.எஸ் சொல்கிறது. தொடர்பு போனால் ட்ரைவிலேயே பதிந்த பிரஷருக்குத் திரும்பி ஓடும். புகை வெளியேற்றும் ஃபேன்களை இந்த நெட்வேர்க்கில் சேர்க்கவேயில்லை. அவற்றுக்கு ஃபயர் பனலில் இருந்து தனி வயர் இருக்கிறது. ஒப்படைக்கும் நாளில் சேர் முன்னிலையிலேயே நெட்வேர்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினோம். திரையில் அலாரம் வந்தது, பம்ப் நிற்கவில்லை. அவர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.