வேண்டுமா, வேண்டாமா?

மேடையில் பேசப் பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பல்லவிதான்: கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகு. நானும் பழகினேன். என் மீசை ஒரு பக்கம் கோணல் என்பது தெரிந்ததைத் தவிர வேறு பலன் இல்லை. பேச்சில் என் கோளாறு எங்கே இருக்கிறது என்பது ஒரு குறைதீர்க்கும் கூட்டத்தில்தான் தெரிந்தது, அதுவும் ஒரு கூடம் நிறையப் பேர் சிரித்த பிறகு.

எங்களுக்குப் பாம்பன் பக்கம். கரையில் பெண்கள் கருவாடு காயப்போடும் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. தெருவில் பி.காம். முடித்துவிட்டு அப்போது சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான், அதனால் மனுவை வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முந்தின நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன். பெருமதிப்பிற்குரிய என்று ஆரம்பித்து, தளம் எப்போது கட்டியது, எத்தனை குடும்பம் அதை நம்பி இருக்கிறது, மழைக்காலத்தில் என்ன பாடு என்று அத்தனையையும் ஒரே வாக்கியத்தில் மாலை மாதிரி கோத்துவிட்டேன். வாசிக்கும்போது தாள் ஆடியது. ஆட்டத்தை மறைக்க இரண்டு கையாலும் பிடித்தேன், இன்னும் ஆடியது. 'ஆகவே மேற்படி தளத்தை வேறு இடத்துக்கு மாற்ற' என்கிற இடத்துக்கு வந்தபோது நெஞ்சில் காற்று இல்லை. மிச்சம் உதட்டுக்குள்ளேயே போய்விட்டது.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "மாற்ற வேண்டுமா, வேண்டாமா தம்பி?"

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சித்தி எழுந்தார். "மாத்த வேண்டாம் சார். காத்தும் வெயிலும் இங்கதான் நல்லா விழுது. அங்க கொண்டு போனா கருவாடு புழுத்துரும்." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். ஐந்தாம் வகுப்பு தாண்டாதவர். அதிகாரி எழுதிக்கொண்டது அவர் சொன்னதைத்தான்.

தமிழில் வாக்கியத்தின் உயிர் வாலில் இருக்கிறது. வேண்டும், வேண்டாம். வந்தார்கள், வரவில்லை. கொடுத்தார், கொடுப்பார். ஆமா இல்லையா, நடந்ததா இனிமேல் நடக்குமா, செய்தது யார், எல்லாம் கடைசிச் சொல்லில்தான் தெரியும். நாம் பேசுவதோ வெளியே விடுகிற மூச்சில். பயத்தில் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கும்போது மூச்சு மேலோட்டமாகத்தான் ஓடும், பாதி வாக்கியத்திலேயே காற்று தீரும், காற்று தீரத் தீரக் குரலும் இறங்கும். ஆக, எந்தச் சொல் கேட்க வேண்டுமோ சரியாக அந்தச் சொல்தான் காதில் விழாமல் போகிறது. மேடையில் திணறுகிறவர்களை இந்தக் கண்ணோடு பாருங்கள், முக்கால்வாசிப் பேர் வாலை முழுங்குகிறவர்கள்.

சித்தி தினமும் விடிகாலையில் கரையில் மீன் ஏலம் எடுக்கிறவர். மறுநாள் நானும் கூடப் போய் நின்றேன். வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் வண்டி இரைச்சல், கடல் இரைச்சல். ஏலம் விடுகிறவர் மீன் குவியலைக் காலால் லேசாகத் தள்ளிக் காட்டி, "எண்ணூறு" என்றார். வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு முகத்தைப் பார்த்தார். அந்த முகம் நெளிந்தது. "எண்ணூத்தம்பது." மறுபடியும் வாய் மூடல். அந்த மௌனம் என்னவோ இரண்டு வினாடிதான் இருக்கும், அதற்குள் கேட்கிறவருக்கு நெற்றியில் வேர்த்துவிடும். நாமோ மேடையில் ஒரு வினாடி சும்மா இருந்தாலே மானம் போனதாக நினைத்து 'வந்து', 'அதாவது' என்று எதையாவது போட்டு அடைக்கிறோம்.

"மூச்சு முடிஞ்ச பிறகு எதுக்குடா பேசுற?" என்றார் சித்தி. எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி வகுப்பு அதுதான்.

அப்புறம் ஏப்ரல் 15 வந்தது, விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகில் போகிற கூட்டாளி ஒருவன் கரையில் சும்மா இருந்தான். சாயங்காலம் அவனை நாற்பது அடி தள்ளி நிற்க வைத்து, எதிர்க்காற்றில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்வேன். அவன் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் என் மேல் தப்பு. முதல் நாள் பத்தில் ஏழு தப்பு. கத்தினால் சரியாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை, தொண்டைதான் கட்டியது. நீள வாக்கியத்தை இரண்டாக உடைத்ததும், கடைசி இரண்டு சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுத்ததும்தான் வேலை செய்தது. தாளில் அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொள்வேன், இப்போதும் போடுகிறேன். 'பெருமதிப்பிற்குரிய' எல்லாம் போச்சு. முதல் வாக்கியத்தை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் பாடம் செய்வேன், மற்றதைப் பாடம் செய்யவே மாட்டேன், ஒரு சொல் மறந்தால் பின்னால் வருகிற எல்லாம் வரிசையாகக் கவிழ்ந்துவிடும்.

ராமேஸ்வரத்துக்காரர் கலாம் மாணவர்கள் கூட்டத்தில் பேசும்போது உறுதிமொழியை ஒவ்வொரு வரியாகச் சொல்லி, கூட்டத்தையும் திருப்பிச் சொல்ல வைப்பார். ஆயிரம் பிள்ளைகள் வால் வரைக்கும் திருப்பிச் சொல்ல வேண்டுமென்றால் வரி சின்னதாக இருந்தே ஆக வேண்டும். சின்ன வயதில் அதை ஏதோ சடங்கு என்று நினைத்திருந்தேன்.

மைக் பற்றி ஒன்று மட்டும். கடற்கரை மேடை என்றால் மைக் தலையில் ஒரு கைக்குட்டையைச் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்களை விடக் காற்று நன்றாகப் பேசும்.

தளத்தை மாற்றவில்லை, அதற்கு நான் காரணமில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் என்னைத்தான் எழுப்பினார்கள். "கருவாட்டுத் தளத்தில் விளக்கு இல்லை. இருட்டில் பெண்கள் வேலை செய்கிறார்கள். இரண்டு விளக்கு வேண்டும்." கை நடுங்கியதுதான், தாள் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அதிகாரி ஒன்றும் கேட்காமல் குறித்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது சித்தி, "இன்னிக்குக் கேட்டுச்சு" என்றார்.

விளக்கு இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் போகிறோம்.