மூன்றாவது இலக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்திலிருந்து சித்தி மகன் வந்திருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து கேட்டரிங் டிப்ளமோ வரைக்கும் எல்லாவற்றையும் லேமினேட் பண்ணி அடுக்கி வைத்திருந்தான். "அண்ணே, ஆஸ்திரேலியாவுக்குப் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். முதல்ல இங்கிலீஷ் பரீட்சை எழுதவா?" என்றான்.

அது அப்புறம், முதலில் உன் நம்பர் எது என்று பார்ப்போம் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. 2021-ல் நானும் ஆஸ்திரேலியாவுக்குப் போக முயன்றபோது எனக்கும் புரிந்திருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் 2011 ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன். படித்தது இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருந்த டெசிக்னேஷன் 'சிஸ்டம் அட்மின்'. பில்லிங் கவுன்டரில் பிரின்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், புதுக் கட்டடத்துக்கு நெட்வொர்க் போட வேண்டும் என்றாலும் என்னைத்தான். அந்தக் கட்டடம் வந்தபோது எந்த மாடியில் எத்தனை நெட்வொர்க் ஸ்விட்ச், ஸ்கேன் படங்கள் போகிற பாதையைத் தனியாகப் பிரிப்பது எப்படி, ஒரு லீஸ்டு லைன், அதாவது தனி இணைய இணைப்பு, போனால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்வது எப்படி என்று எல்லாவற்றையும் நான்தான் வரைந்தேன், நானே போட்டேன். சம்பளம் கொஞ்சம் ஏறியது. டெசிக்னேஷன் மட்டும் அப்படியே இருந்தது. நம் ஊரில் டெசிக்னேஷனை யார் கவனிக்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவில் கவனிக்கிறார்கள். சரியாகச் சொன்னால், டெசிக்னேஷனை இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிற வேலையை. அந்த நாடும் நியூசிலாந்தும் சேர்ந்து 2006-ல் 'ஆன்ஸ்கோ' என்ற தொழில் வகைப்பாட்டை வெளியிட்டன. ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்க எண். முதல் இலக்கம் பெரிய பிரிவு, அடுத்தடுத்த இலக்கங்கள் அதன் கிளைகள். 2 என்றால் தொழில்முறை நிபுணர்கள். 26 என்றால் அதில் கணினித் துறை. 262 என்றால் தரவுத்தளம், சிஸ்டம் நிர்வாகம், பாதுகாப்பு. 263 என்றால் நெட்வொர்க்கும் அதைச் சார்ந்த ஆதரவுப் பணிகளும். சிஸ்டம் அட்மினுக்கு எண் 262113. நெட்வொர்க்கையும் சிஸ்டங்களையும் திட்டமிட்டு அமைக்கிற இன்ஜினியருக்கு 263111.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்துக்கும் உருவாக்கிய எண்கள் இவை. அதே எண்கள் விசாவுக்கும் போய்ச் சேர்ந்தபோது, மூன்றாவது இடத்தில் இருக்கிற அந்த 2-ம் 3-ம் ஒரு மனிதனின் பாதையையே பிரித்துவிடுகின்றன.

2021-ல் நான் போன விசா ஏஜென்ட் ஆர்டரைப் பார்த்தார், சிஸ்டம் அட்மின் என்று இருந்தது, 262113 என்று போட்டுவிட்டார். நான் தினமும் என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன் விளைவு இரண்டு விதமாக வந்தது. முதலாவது, பட்டியல். யாருடைய ஆதரவும் இல்லாமல் சுயமாகப் போகிற 189 விசாவுக்கு, நீண்டகாலத் தேவை உள்ள தொழில்களின் பட்டியலில் உன் தொழில் இருக்க வேண்டும். 263111 அதில் இருந்தது. 262113 குறுகிய காலப் பட்டியலில் இருந்தது. அதனால் மாநில அரசு பரிந்துரைக்கிற 190, சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய பெருநகரங்களுக்கு வெளியே போகிற 491, இந்த இரண்டு கதவுகள்தான் எனக்கு. அதுவோ கொரோனா காலம். பெரும்பாலான மாநிலங்கள் ஏற்கெனவே அங்கே வசிப்பவர்களைத்தான் முதலில் பார்த்தன.

இரண்டாவதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கணினித் தொழில்களை மதிப்பிடுவது ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி, சுருக்கமாக ஏசிஎஸ். உன் பட்டப்படிப்பு நீ சொல்கிற எண்ணோடு நெருங்கிப் பொருந்தினால், அனுபவத்தில் முதல் 2 வருடத்தைத் 'திறன் எட்டுவதற்கான காலம்' என்று கழித்துவிடுவார்கள். கணினிப் படிப்புதான், ஆனால் அந்த எண்ணோடு நெருங்கவில்லை என்றால் கழிவு 4 வருடம். இந்த விசாக்களுக்கு வயது, படிப்பு, ஆங்கிலம், அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் பாயின்ட் உண்டு. அனுபவத்தில் கழித்தபின் மிஞ்சுகிற வருடத்துக்குத்தான் பாயின்ட். என் இசிஇ பாடங்கள் பெரும்பாலும் தகவல் தொடர்பும் நெட்வொர்க்கும். சிஸ்டம் நிர்வாகத்துக்கு அவை நெருக்கம் இல்லை என்று முடிவு வந்தது. 2015 ஜூனுக்குப் பிந்தைய வேலை மட்டுமே கணக்கு என்று கடிதத்தில் ஒரே வரி. இரவு ஷிஃப்ட் பார்த்த என் முதல் நான்கு வருடம் அந்த வரியில் காணாமல் போனது.

வெளிநாட்டு அனுபவத்துக்கு 3 வருடம் என்றால் 5 பாயின்ட், 5 வருடம் என்றால் 10, 8 வருடம் என்றால் 15. எனக்கு மிஞ்சியது 6 வருடம், ஆக 10. வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, ஆங்கிலத்துக்கு 10, மனைவியின் ஆங்கிலத்துக்கு 5. மொத்தம் 70. விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம் 65 வேண்டும் என்பதால் தகுதி இருந்தது. கதவுதான் இல்லை.

இதை எனக்கு விளக்கிச் சொன்னது, எங்கள் பிரிவில் முன்பு தலைமை வகித்துவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போன சீனியர் ஒருவர். "தம்பி, நீங்க பார்த்தது நெட்வொர்க் இன்ஜினியர் வேலை. ஆர்டர்ல என்ன எழுதியிருந்தா என்ன?" என்றார். ஹெச்ஆரிடம் என் வேலைகளை விவரித்து ஒரு கடிதம் கேட்டேன். டெசிக்னேஷனும் தேதியும்தான் போடுவோம், பொறுப்புகளை எழுதித் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். மூன்று மாதம் அலைந்தேன். கடைசியில் அந்த சீனியரே மதுரைக்கு வந்து, நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எந்த வருடம் என்ன அமைத்தேன், என் நேரத்தில் எவ்வளவு பங்கு அதற்குப் போனது என்று வரிவரியாக. அதோடு சம்பளச் சீட்டுகள், பிஎஃப் விவரம், ஃபார்ம் 16. பஸ் செலவுக்குக்கூட என்னிடம் காசு வாங்கவில்லை அவர்.

2022 செப்டம்பரில் 263111-க்கு மறுபடி மதிப்பீடு கேட்டேன். பொருந்துகிறது என்று வந்தது. கழிவு 2 வருடம்தான். அனுபவத்துக்கு 15 கிடைத்தது. ஆனால் அந்த ஆகஸ்டில் எனக்கு 33 வயது முடிந்திருந்தது. 25-லிருந்து 32 வரைக்கும் 30 பாயின்ட், 33 ஆகிவிட்டால் 25. இந்தப் பக்கம் வந்த 5 அந்தப் பக்கம் போனது. மறுபடி அதே 70. முதலிலேயே சரியான எண் போட்டிருந்தால் 2021-ல் 75 இருந்திருக்கும், 189 வரிசையிலும் நின்றிருப்பேன். 75-க்கு விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அரசின் அழைப்பு வந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். கணினித் துறையில் போட்டி அவ்வளவு. ஆனால் நிற்க வேண்டிய வரிசையில் நின்றிருப்பேன்.

அந்த அழைப்புக்காக விருப்பம் தெரிவித்துப் பதிவு செய்தால் அது 2 வருடம் உயிரோடு இருக்கும். என்னுடையது 2024-ல் காலாவதி ஆனது. 40 வயது வரைக்கும் அந்த 25 குறையாது, ஆங்கிலத்தில் 10-ஐ 20 ஆக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன். அது என் பாடு.

சித்தி மகன் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் சமையல்கட்டில் இருக்கிற எல்லோரும் மாஸ்டர்தான். பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், சரக்கு மாஸ்டர். ஆன்ஸ்கோவில் அப்படி ஒரே சொல் கிடையாது. செஃப் 351311, திறன் நிலை 2 (நிலை எண் குறையக் குறையத் திறன் அதிகம்). சமையல்காரர் 351411, திறன் நிலை 3. துரித உணவு சமைப்பவர் முற்றிலும் வேறு பிரிவு, 851111, திறன் நிலை 5. மெனு முடிவு செய்கிறாயா, பொருளுக்கும் ஆளுக்கும் செலவு கணக்குப் போடுகிறாயா, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்து மேற்பார்வை பார்க்கிறாயா என்பதெல்லாம் செஃப் பக்கம். பதப்படுத்திச் சமைத்து எடுப்பது மட்டும் என்றால் சமையல்காரர். இங்கேயும் பட்டியல் வேறு, கதவு வேறு. இவற்றை மதிப்பிடுவதும் ஏசிஎஸ் இல்லை, டிஆர்ஏ என்கிற டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா. இன்ஜினியர்களுக்கும் நர்சுகளுக்கும் வேறு வேறு அமைப்புகள். எண் தெரியாமல் எந்த வாசலில் நிற்பது என்றே தெரியாது.

எண்களும் அப்படியே இருப்பதில்லை. கனடா 2022 நவம்பர் 16-ல் தன் வகைப்பாட்டை மாற்றியபோது, அதுவரை எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற அந்த நாட்டுக் குடியேற்ற முறைக்கு வெளியே நின்ற லாரி ஓட்டுநர்கள் உள்ளே வந்தார்கள். அவர்கள் ஓட்டியது அதே லாரிதான். ஆஸ்திரேலியாவும் 2024 டிசம்பரில் ஆன்ஸ்கோவுக்குப் பதிலாக 'ஆஸ்கா' என்ற புதிய வகைப்பாட்டை வெளியிட்டிருக்கிறது. விண்ணப்பிக்கிற அன்று உங்கள் விசாவுக்கு எது பொருந்துகிறது என்று அரசு இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். என்னை நம்பாதீர்கள், ஏஜென்டையும் நம்பாதீர்கள்.

இன்னொன்றும் அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். செய்யாத வேலையை எழுதக் கூடாது. வகைப்பாட்டில் இருக்கிற வரிகளை அப்படியே இறக்கிக் கடிதம் அடித்துத் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டினால் விசா போவதோடு பெயரும் போகும்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம், மணிவாரியாக, என்ன செய்தாலும் எழுது என்றேன். நேற்று இரவு முதல் மூன்று நாள் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். காலை 5.30, கறி வந்தது, எடை பார்த்தது, 2 கிலோ திருப்பி அனுப்பியது. 6.15, புதுப் பையன்கள் இருவருக்குக் கோலா உருண்டைப் பதம் காட்டியது. 11.00, முகூர்த்த நாள் என்பதால் கூட்டம் கணக்குப் பண்ணி பிரியாணி அரிசி கூட்டியது. இரவு 10.40, நாளைக்குச் சாமான் பட்டியல், முதலாளியிடம் செலவுக் கணக்கு. மூன்று பக்கத்தையும் படித்துவிட்டு 351311 என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் குறைந்ததும் இரண்டு பேருமாக அவன் முதலாளியைப் பார்த்துக் கடிதம் கேட்கப் போகிறோம்.