ரேட்டிங் பாத்து வீடு வாங்கியாச்சு, ஸ்கூல் போர்டுல யாரு இருக்காங்கன்னு தெரியுமா?

நியூ ஜெர்சில வீடு தேடுற நம்ம ஆளுங்க பெட்ரூம் எத்தனைன்னு கேக்கறதுக்கு முன்னாடி ஸ்கூல் ரேட்டிங் எத்தனைன்னுதான் கேப்பாங்க. பத்துக்கு ஒம்பதா எட்டான்னு வாட்ஸாப் குரூப்ல பட்டிமன்றமே நடக்கும், அந்த ஒரு நம்பருக்காக பக்கத்து ஊரை விட எவ்வளவு கூடன்னாலும் குடுத்துட்டு வந்து உக்காந்துடுவோம். ஆனா அந்த ஸ்கூலுக்கு யாரு முதலாளி, காசு எங்கேருந்து வருது, அந்த ஒம்பது எத்தனை பசங்க எழுதின பரிட்சையில வந்ததுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நான் இருக்கறது ரொம்ப சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது தனி போர்டு, தனி பட்ஜெட்னு ஒரு ஊர் ஸ்கூலை நடத்தற அமைப்பு (பேரு வேணாம், எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க), அதனால இதெல்லாம் கிட்டக்க பாக்க முடிஞ்சுது. கொஞ்சம் நீளமாத்தான் வரும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

மொதல்ல, இந்த ஸ்டேட்ல ஏன் இத்தனை டிஸ்ட்ரிக்ட்? 564 முனிசிபாலிட்டிக்கு கிட்டத்தட்ட 600 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். மேரிலாண்ட்ல மொத்தமே 24 தான். இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1894-ல ஒரு சட்டம் வந்துச்சு, ஒரு டவுன்ஷிப்ல இருக்கற ஸ்கூல் எல்லாம் சேந்து ஒரே டிஸ்ட்ரிக்ட், ஆனா பரோன்னு ஒரு குட்டி நகராட்சியா தனியா பிரிஞ்சு போயிட்டா அவங்களுக்கு தனி டிஸ்ட்ரிக்ட். அவ்வளவுதான், அடுத்த மூலையில இருக்கறவன் ஸ்கூலுக்கு நான் எதுக்கு வரி கட்டணும்னு ஆளாளுக்கு பிரிஞ்சுட்டாங்க, பெர்கன் கவுன்ட்டில மட்டும் அந்த ஒரே வருஷத்துல 26 பரோ. பங்காளிச் சண்டை நம்மூர்ல மட்டும்தான்னு நெனைக்காதீங்க.

இப்ப க்ரான்பெரியை எடுத்துக்கோங்க. டர்ன்பைக் (டோல் ஹைவே) எக்ஸிட் 8ஏ பக்கத்துல இருக்கற ஊர். டிஸ்ட்ரிக்ட்னு பேரு, உள்ள இருக்கறது ஒரே ஒரு ஸ்கூல், எட்டாங்கிளாஸ் வரைக்கும், சுமாரா ஐநூறு பசங்க. ஒம்பதாவதுலேருந்து பசங்க பிரின்ஸ்டன் ஹை ஸ்கூலுக்குப் போறாங்க, அதுக்கு க்ரான்பெரி டிஸ்ட்ரிக்ட் தலைக்கு இவ்வளவுன்னு பிரின்ஸ்டனுக்கு ட்யூஷன் (அதாவது பள்ளிக் கட்டணம்) கட்டுது. அது கூட மொதல்ல ஒரு உத்தேச தொகைதான், உண்மையான செலவை ஸ்டேட் கணக்கு பாத்து உறுதி பண்ணினப்புறம் கூடவா கொறச்சலான்னு ரெண்டு வருஷம் கழிச்சு தீத்துக்கணும். பிரின்ஸ்டன் போர்டுல அவங்க ஊர் ஆளுங்க ஒம்பது பேர், பத்தாவதா க்ரான்பெரி ஆள் ஒருத்தர். ஆனா அந்த பத்தாவது ஆளுக்கு எல்லா விஷயத்துலயும் ஓட்டு கெடையாது, தன் ஊர் பசங்களை பாதிக்கற விஷயங்கள்னு சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு, அதுல மட்டும்தான். 2018-ல இந்த ஒப்பந்தத்தை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டினப்போ பிரின்ஸ்டன்ல பெரிய சண்டை, நம்ம ஸ்கூலே பிதுங்கி வழியுது இவங்களை ஏன் சேக்கணும்னு. ஒரு தடவை இந்த மாதிரி உறவு வந்துட்டா இஷ்டத்துக்கு அறுத்துக்க முடியாது, ஸ்டேட் கமிஷனர் ஒத்துக்கணும்.

அப்புறம் க்ரான்பெரிக்கு ஒரு யோகம் இருக்கு, வேர்ஹவுஸ். 8ஏ பக்கம் போனா ஜன்னலே இல்லாத பெரிய பெரிய வெள்ளை பெட்டியா நிக்கும். லாரி சத்தம், ட்ராஃபிக்னு எல்லாரும் திட்டுவாங்க, ஆனா அந்த பெட்டிங்க ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கட்டுது, ஒரு புள்ளையைக் கூட ஸ்கூலுக்கு அனுப்பறதில்ல. அந்த அதிர்ஷ்டம் இல்லாத சின்ன ஊர்ல மொத்த பாரமும் வீட்டுக்காரங்க தலையிலதான்.

சரி, போர்டு. பெரும்பாலான ஊர்ல ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கறது, வழக்கமா ஒம்பது பேர், மூணு வருஷ பதவி, சம்பளம் ஒரு பைசா கெடையாது. கட்சி சின்னம் கெடையாது. ஸ்கூலை நடத்தறது உங்க வேலை இல்ல, நல்லா நடக்குதான்னு பாக்கறதுதான் உங்க வேலைன்னு அவங்களுக்கான நன்னடத்தை சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. அதனால என் புள்ளையோட கணக்கு டீச்சரை மாத்துங்கன்னு போர்டு மெம்பர்கிட்ட போய் நின்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது, பண்ணினா எத்திக்ஸ் கம்ப்ளெயிண்ட் வரும். டீச்சரை வேலைக்கு எடுக்கறது கூட சூப்பரின்டென்டென்ட் (டிஸ்ட்ரிக்ட்டோட தலைமை அதிகாரி) சிபாரிசு பண்ணினாதான் போர்டு ஓட்டுப் போட முடியும். போர்டு கையில உண்மையா இருக்கறது அந்த சூப்பரின்டென்டென்ட் யாருங்கறது, பட்ஜெட், டீச்சர் யூனியனோட போடற சம்பள ஒப்பந்தம், பாலிசி. சின்ன டிஸ்ட்ரிக்ட்ல சூப்பரின்டென்டென்டே பிரின்சிபாலாவும் இருப்பாங்க, காலைல வாசல்ல கார் லைனை பாத்துக்கறதும் அவங்கதான், சாயங்காலம் ஸ்டேட்டுக்கு ரிப்போர்ட் அனுப்பறதும் அவங்கதான்.

மீட்டிங் போனீங்கன்னா சுவாரசியமா இருக்கும்னு சொல்லி ஏமாத்த மாட்டேன். ஸ்கூல் லைப்ரரில மடக்கு மேஜை போட்டு, கொடிக்கு வணக்கம் சொல்லி ஆரம்பிப்பாங்க. அஜெண்டா இருபது பக்கம் இருக்கும், ஒருத்தர் முன்மொழிவார், இன்னொருத்தர் வழிமொழிவார், பேரு பேரா கூப்பிட்டு எஸ் எஸ் எஸ், பத்து நிமிஷத்துல நாப்பது தீர்மானம் பாஸ். உன்னிப்பா பாத்தா நடுவுல ஒரு வரி வரும், மாணவர் நம்பர் இவ்வளவு, வெளி ஸ்கூல்ல சேர்க்க ஒப்புதல், வருஷத்துக்கு இத்தனை டாலர்னு. பேரு போட மாட்டாங்க. என்னைக் கேட்டா சின்ன டிஸ்ட்ரிக்ட்டோட மொத்த பட்ஜெட் கதையும் அந்த ஒரு வரிலதான் இருக்கு, அதுக்கு வர்றேன்.

மொதல்ல காசு எங்கேருந்து வருதுன்னு பாத்துடலாம். ஸ்டேட்ல ஒரு வீட்டோட சராசரி ப்ராப்பர்ட்டி டாக்ஸ் 2024-ல பத்தாயிரம் டாலரைத் தாண்டிருச்சு, அதுல பாதிக்கு மேல ஸ்கூலுக்கு. வசூல் பண்றது டவுன், ஆனா எவ்வளவுன்னு முடிவு பண்றது டவுன் கவுன்சில் இல்ல. யாராவது வரி கட்டாம விட்டாலும் டவுன் ஸ்கூலுக்கு முழுத் தொகையும் குடுத்தாகணும். இது தெரியாம ஜனங்க மேயரைப் போய் திட்டிட்டு இருப்பாங்க, பாவம்.

ஸ்டேட் காசு ஒண்ணு இருக்கு. 2008-லேருந்து ஒரு ஃபார்முலா, எஸ்.எஃப்.ஆர்.ஏ.ம்பாங்க. ஒரு டிஸ்ட்ரிக்ட் பசங்களுக்கு நியாயமா எவ்வளவு செலவாகும்னு ஒரு கணக்கு, ஊர்ல இருக்கற சொத்து மதிப்பையும் ஜனங்க வருமானத்தையும் வச்சு நீங்க எவ்வளவு குடுக்க முடியும்னு இன்னொரு கணக்கு, நடுவுல இருக்கற பள்ளத்தை ஸ்டேட் ரொப்பும். வசதியான ஊருக்கு பள்ளமே இல்ல, அதனால முக்கியமான அந்த எய்டு பூஜ்யம். இந்த ஃபார்முலாவுக்குப் பின்னாடி அம்பது வருஷ கோர்ட் கேஸ் இருக்கு. 1976-ல ஸ்கூலுக்கு ஒழுங்கா காசு ஒதுக்கற வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னு நியூ ஜெர்சி சுப்ரீம் கோர்ட் ஜூலை மாசத்துல ஸ்டேட் முழுக்க ஸ்கூலை மூடிருச்சு, அப்பதான் வேற வழியில்லாம இன்கம் டாக்ஸ் சட்டத்தையே பாஸ் பண்ணினாங்க. நம்ம பே ஸ்டப்ல பிடிக்கற அந்த ஸ்டேட் டாக்ஸ் அப்படி வந்ததுதான். 2018-ல வந்த இன்னொரு சட்டம் ஃபார்முலாவை விட ஜாஸ்தி வாங்கிட்டு இருந்த டிஸ்ட்ரிக்ட்களுக்கு ஏழு வருஷத்துல படிப்படியா வெட்டுச்சு, பசங்க எண்ணிக்கை கொறஞ்சுட்டே வந்த சின்ன ஊருங்க பலதும் அதுல அடிவாங்குச்சு.

எய்டு கொறஞ்சா வரியை ஏத்திக்கலாமே? அங்கதான் 2 சதவீத லிமிட். 2010-ல போட்ட சட்டம், ஸ்கூல் வரி மொத்தத்தை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏத்தணும்னா ஜனங்ககிட்ட ஓட்டுக்குப் போகணும். சும்மா ஒரு கணக்குக்கு, வரி வசூல் பத்து மில்லியன்னு வச்சுக்கோங்க, வருஷத்துக்கு ரெண்டு லட்சம் டாலர் கூட கெடைக்கும். டீச்சர் சம்பளம் மூணு சதவீதம் ஏறுனாலே அது காலி, அப்புறம் ஹெல்த் இன்சூரன்ஸ், அது ரெட்டை இலக்கத்துல ஏறுன வருஷமெல்லாம் உண்டு. இன்சூரன்ஸுக்கு சின்னதா ஒரு விதிவிலக்கு இருக்கு, போதாது. டீச்சருங்க பென்ஷனை ஸ்டேட்டே கட்டிடுது, அதையும் ஊர் தலைல கட்டியிருந்தா சின்ன டிஸ்ட்ரிக்ட் எல்லாம் என்னைக்கோ இழுத்து மூடியிருக்கும். சரி நல்ல வருஷத்துல சேத்து வைக்கலாம்னா அதுக்கும் பூட்டு, பட்ஜெட்ல 2 சதவீதமோ ரெண்டரை லட்சம் டாலரோ எது பெருசோ அதுக்கு மேல சும்மா கையில வச்சுக்கக் கூடாது, மிச்சத்தை வரி கொறைக்கத்தான் திருப்பணும்.

இப்ப அஜெண்டா நடுவுல வரும்னு சொன்னேனே, அந்த ஒரு வரிக்கு வர்றேன். ஆகஸ்ட்ல ஒரு குடும்பம் ஊருக்கு குடிவருது, குழந்தைக்கு விசேஷ தேவை இருக்கு, வெளி ஸ்பெஷல் ஸ்கூல்லதான் படிக்க முடியும். சட்டப்படி டிஸ்ட்ரிக்ட்தான் முழு செலவும் பாக்கணும், பாக்கத்தான் வேணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ஆனா ட்யூஷனும் தனி வேனும் சேந்தா ஒரு புது டீச்சர் சம்பளத்தை விட ஜாஸ்தியாகிடும். பதினஞ்சாயிரத்துக்கும் மேல பசங்க இருக்கற எடிசன்ல இது தெரியவே தெரியாது, முன்னூறு பசங்க இருக்கற ஊர்ல இதுல ஸ்பானிஷ் டீச்சரோட வேலையே போயிடும். தனியார் ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்து செலவு 55,000 டாலரைத் தாண்டுனா தாண்டுனதுல ஒரு பங்கு ஸ்டேட் திருப்பித் தரும்னு சட்டத்துல இருக்கு, ஆனா வருஷா வருஷம் அதுக்கு ஒதுக்கற காசு பத்தாம எல்லாருக்கும் வெட்டித்தான் தர்றாங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டேங்கற கதை. இதுல மோசம் என்னன்னா, பட்ஜெட் ஹியரிங்ல யாராவது எந்திரிச்சு யாரு அந்தப் புள்ளைன்னு கேட்ருவாங்களோன்னு எனக்கு வயித்தை கலக்கும். சின்ன ஊர்ல பேரு போடலன்னாலும் எல்லாருக்கும் தெரியும். கோவப்படணும்னா ட்ரென்டன் (ஸ்டேட் தலைநகர்) மேல படுங்க, அந்த குடும்பம் மேல இல்ல.

ரேட்டிங்கும் இதே கணக்குதான். ஸ்டேட் டெஸ்ட் என்ஜெஎஸ்எல்ஏ, 2025 வரைக்கும் நடந்ததுல 650-லேருந்து 850 வரைக்கும் ஸ்கோர், 750 எடுத்தா பாஸ் மாதிரி. ஸ்டேட் முழுக்க பாத்தா இங்கிலீஷ்ல பாதிக்கு கொஞ்சம் மேல, கணக்குல 40 சதவீதத்தை ஒட்டித்தான் தாண்டறாங்க, கொரோனாவுக்கு முன்னாடி இருந்த எடத்துக்கு கணக்கு இன்னும் திரும்பல. நம்ம ஆளுங்க வாழற ஊர்ல இதெல்லாம் எழுபது எண்பதுன்னு இருக்கும், அதைப் பாத்து நாமளும் ஸ்கூல் பிரமாதம்போம். ஒரு கிளாஸ்ல 25 பசங்கன்னா ஒவ்வொருத்தரும் 4 சதவீதம். ரெண்டு பேர் 748 எடுத்தாங்கன்னா 8 சதவீதம் விழுந்துச்சு, ஃபேஸ்புக் குரூப்ல ஸ்கூல் சரிஞ்சுபோச்சுன்னு கூப்பாடு. அடுத்த வருஷம் வேற பேட்ச், ஏறிடும், சூப்பரின்டென்டென்டுக்கு கைதட்டல். பத்து பேருக்கும் கம்மியா இருந்தா ஸ்டேட் நம்பரையே மறைச்சு ஒரு ஸ்டார் போட்டுடும். நான் பாக்கறது க்ரோத் ஸ்கோர், அதாவது போன வருஷம் அதே மாதிரி மார்க் எடுத்த ஸ்டேட் பசங்களோட ஒப்பிட்டா இவன் எவ்வளவு வளந்தான்ங்கறது. 50 நடு. பாஸ் எண்பது சதவீதம் ஆனா க்ரோத் 40னா, வீட்ல அப்பா அம்மா குமான், ரஷ்யன் மேத்னு வெளி கோச்சிங் கிளாஸுக்கு அனுப்பிட்டு இருக்காங்க, ஸ்கூல் பெருசா ஒண்ணும் சேக்கலன்னு நான் எடுத்துக்குவேன். மூணு நாலு வருஷம் சேத்துப் பாருங்க, ஒரு வருஷத்தை நம்பாதீங்க.

இப்படி கஷ்டப்படறதுக்கு பக்கத்து ஊரோட சேந்துடலாமேன்னு கேப்பீங்க. சேந்தவங்க இருக்காங்க, அட்லாண்டிக் ஹைலண்ட்ஸ், ஹைலண்ட்ஸ்னு ரெண்டு ஊரும் 2023 செப்டம்பர்ல ஓட்டுப்போட்டு, ரெண்டுக்கும் பொதுவா இருந்த ஹென்றி ஹட்சன் ரீஜனல் டிஸ்ட்ரிக்ட்டோட ஒண்ணா சேந்து 2024 ஜூலைலேருந்து ஒரே டிஸ்ட்ரிக்ட். ஸ்டேட்டும் ஆய்வு பண்ண காசு குடுக்குது. ஆனா சேந்தா ரெண்டு ஊர் டீச்சர் சம்பளத்துல எது ஜாஸ்தியோ அந்தப் பக்கம்தான் இழுக்கும், வரிப் பங்கு ஒரு ஊருக்கு ஏறும் ஒரு ஊருக்கு எறங்கும், ஏறுற ஊர் நோ போட்டுடும். எங்க ஊர் கூட ஒரு நாள் சேரும்னுதான் நெனைக்கறேன், ஆனா என் புள்ள காலேஜ் முடிச்சப்புறமா இருக்கும்.

எச்-1பில இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். வரி முழுசா கட்டறோம், ஓட்டு கெடையாது, க்ரீன் கார்டு இருந்தாலும் கெடையாது. (நியூவர்க்ல 2025-லேருந்து 16 வயசு பசங்க ஸ்கூல் போர்டுக்கு ஓட்டு போடறாங்க, வயித்தெரிச்சல்.) ஆனா பப்ளிக் கமெண்ட்ல பேச ஓட்டுரிமை தேவையில்ல, பேரையும் ஊரையும் சொன்னா போதும், வழக்கமா மூணு நிமிஷம் குடுப்பாங்க. பட்ஜெட் ஹியரிங் ஏப்ரல் கடைசி மே ஆரம்பத்துல வரும், அதுக்குள்ள முடிவெல்லாம் பண்ணிடுவாங்க, அதனால பிப்ரவரி மார்ச்லயே போயிடுங்க, கவர்னர் பட்ஜெட் படிச்சு ஒண்ணு ரெண்டு நாள்ல எய்டு நம்பர் வந்துடும், அப்பதான் வெட்டுக்குத்து நடக்கும்.

சிட்டிசன் ஆனவங்க நின்னே பாக்கலாம். எங்க ஊர்ல இந்த தடவை மூணு சீட்டு காலி, பேரு குடுத்தது ரெண்டு பேர்தான். மூணாவது சீட்டுக்கு யாரு பேரையாவது பேலட்ல கையால எழுதிட்டு வர்றவங்கதான் முடிவு பண்ணப் போறாங்க, அதுல ஜெயிக்க விரல் விட்டு எண்ற ஓட்டு போதும்.