அண்ணாச்சி கேட்ட பட்டியல்

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் வந்த வெள்ளத்தில் எங்கள் நிவாரணக் குழுவை நடத்திய அண்ணாச்சி கேட்ட பட்டியலை நான் தர மறுத்தது சரிதானா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் எந்த ஊர்க் கட்டுரை எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற கணக்கு எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கிறது என்று அவரிடம் சொன்னதே நான்தான். அதை வைத்து ஊர்களை வரிசைப்படுத்தினால் படகையும் சோற்றுப் பொட்டலத்தையும் முதலில் எங்கே அனுப்புவது என்று தெரிந்துவிடும் என அவர் நினைத்தார்.

“நீதானடே சொன்ன, இப்பம் ஏன் மாட்டேங்க?”

அந்தக் கணக்கில் திறந்தவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது தெரியலாம், எந்தத் தாலுகாவில் என்பது தெரியாது என்றேன். ஏரலில் பாலம் அறுந்து, கரண்டும் டவரும் போன நிலையில், அந்த ஊர்ப் பக்கத்தைத் திறப்பவர் பெரும்பாலும் சென்னையில் இருந்து பதறுகிற மகனாகத்தான் இருப்பார். ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய காயல்பட்டினமும், செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோன ஸ்ரீவைகுண்டமும் செய்தியில் அடிபட்டதாலேயே மேலே வந்துவிடும். குளம் உடைந்து மூழ்கிய சிற்றூருக்குக் கட்டுரையே இருக்காது. போதாக்குறைக்கு, வானிலைத் துறை மழையைக் கணக்கிடும் நாள் காலை 8:30க்கு முடிகிறது, விக்கிப்பீடியா கணக்கின் நாளோ நம் நேரப்படி காலை 5:30க்குத் தொடங்குகிறது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடியாது.

பட்டியலுக்குப் பதிலாக, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, எல்லோரும் பயன்படுத்தக்கூடிய இணைய வரைபடத்தில் இருந்து குளங்களையும் கால்வாய்களையும் எடுத்து, எந்தக் குளத்தின் தண்ணீர் எந்தக் குளத்துக்கு இறங்கும் என்று குறித்துக் கொடுத்தேன். அதைப் பயனுள்ள வேலை என்றே இப்போதும் நினைக்கிறேன். அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படகுகளை அனுப்பியதோ, வந்த போன் அழைப்புகளின் வரிசைப்படிதான்.

அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நம்பர் தெரிந்தவர்கள்தானே போன் செய்தார்கள்? அந்த வரிசையிலும் என் மறுப்புக்குக் காரணமான அதே கோணல் இருந்தது; அதை மட்டும் நான் தட்டிக் கேட்கவில்லை. சென்னை மகனின் பதற்றத்தைப் பொருட்படுத்தாத எனக்கு, அதே மகன் போனில் அழைத்தபோது அது தகவலாகிவிட்டது.

“அப்பம் போனும் வராத ஊருக்கு உங்கிட்ட என்னடே கணக்கு இருக்கு?” என்று அண்ணாச்சி கேட்டதற்கு நான் குளங்களைக் காட்டினேன். உடைந்த குளம் எது என்பதை அந்த வரைபடம் சொல்லாது என்பது அவருக்கும் தெரியும். அடுத்த வெள்ளத்திலும் வாசிப்புக் கணக்கை மட்டும் நம்பிப் படகு அனுப்பச் சொல்லமாட்டேன். ஆனால் போன் பட்டியலுக்குப் பக்கத்தில் அதையும் வைத்து, இரண்டிலும் இல்லாத ஊர்கள் எவை என்று பார்க்கச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது.