மொட்டைமாடியில் பாதி வெயில்

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று ராத்திரி பத்து மணிக்குமேல், சந்து முனை வேப்பமரத்தடியில் என் அமுச்சி (அம்மாவின் அம்மா) பழைய நூல் சேலை ஒன்றை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தார். "எதுக்குங்கமுச்சி இந்நேரத்துல?" என்றேன். "வெடியால கூட்டறவங்க வந்துருவாங்க கண்ணு. அதுக்கு மின்ன நாம அள்ளிக்கோணும்."

ஐந்தரை மணிக்குப் போனபோது சேலை தெரியாத அளவுக்குப் பூ. எறும்பு, காம்பு, சருகு எல்லாவற்றையும் சேர்த்து மூட்டையாகக் கட்டி மாடிக்குக் கொண்டுவந்தோம். முறத்தில் நான் புடைத்தால் பூவும் சேர்ந்து பறக்கிறது. அமுச்சி புடைத்தால் சருகு மட்டும் போகிறது. அரைப்படி தேறியது. உள்ளே நிழலில் காயப் போட்டிருக்கிறோம்.

நாளைக்குச் சித்திரைக் கனி. தட்டில் மாம்பழம், எலுமிச்சை, வெற்றிலைக்கு நடுவே ஒரு கொத்துப் பச்சைப் பூ வைக்கலாம் என்றிருக்கிறேன். மத்தியானம் வேப்பம்பூ ரசம். பூவை நெய்யில் சிவக்க வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகுதான் தூவவேண்டும். கூடவே கொதிக்கவிட்டால் கசப்பு முழுக்க ரசத்தில் இறங்கிவிடும்.

அமுச்சிக்குப் போன மாதம் கண்புரை ஆபரேஷன். காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் தூசிக்குள் இருக்க வேண்டாம் என்று வைகாசி வரைக்கும் திருப்பூரில் எங்களோடு வைத்துக்கொண்டோம். இந்தக் குறிப்புகளைத் தொடங்கியது அவரால்தான். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தே இத்தனை வருஷம் போய்விட்டது, ஒன்றைக்கூட எழுதி வைக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

50 சதவீதம் நிழல் தரும் பச்சை வலை வந்தாயிற்று. மாடி முழுக்கக் கட்டத்தான் வாங்கினேன். மொத்தம் 30 பை: வெண்டை, கத்தரி, கொத்தவரை, மிளகாய், தண்டுக்கீரை, ஓரத்துப் பந்தலில் பீர்க்கன். தக்காளி நாலு பையில் நிற்கிறது, வைக்கிற பூவெல்லாம் உதிர்கிறது. பகலில் 35 டிகிரிக்கு மேல் போய் ராத்திரியும் புழுங்கினால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும். எந்த உரம் போட்டாலும் காய் பிடிக்காது. இனி ஆடிக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

அமுச்சி வலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாடி முச்சூடும் மூடிப்போட்டா வெயிலுக்கு நா எங்க போறது?" என்றார்.

இரண்டு வருஷமாக இந்த மாடியில் வெயிலைத் தடுப்பதுதான் என் வேலையே. வெயில் வேண்டும் என்று ஒருவர் கேட்பதை இப்போதுதான் கேட்கிறேன். வடகம், மோர்மிளகாய், வத்தல் எல்லாவற்றுக்கும் அதுதான் அடுப்பாம், விறகு கேட்காத அடுப்பு. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கிழக்குப் பாதி செடிக்கு, காலை வெயில் போதும். சாயங்காலம் வரை காயும் மேற்குப் பாதி அமுச்சிக்கு.

வலையைக் கட்டக் கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் ஒரு பை எடுத்து வந்திருந்தேன். கொடி கட்டுவதற்கு அதைப்போல ஒன்று கிடையாது. இழுத்தால் நீளும், தண்டை அறுக்காது. திருப்பூரில் தோட்டம் போடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

ஏப்ரல் 22, செவ்வாய்

தண்ணீர் வந்த நாள். போர்வெல் தண்ணீர் உப்பு. அதையே தொடர்ந்து ஊற்றினால் இலையோரம் கருகுகிறது. மாநகராட்சித் தண்ணீரைப் பிடித்து வைத்துச் செடிக்கும் பங்கு கொடுக்கிறோம். அரிசி கழுவிய தண்ணீரும் மேலேதான் போகிறது.

குடம் தூக்கிய அலுப்பில் அடுப்புப் பக்கமே போகப் பிடிக்கவில்லை. அமுச்சி பச்சைப்புளி ரசம் செய்தார். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், சீரகம், சுட்ட வரமிளகாய் மூன்றையும் நசுக்கிப் போட்டு, கொத்தமல்லித் தழையையும் கையாலேயே பிசைந்துவிட்டார். ஒரு சிட்டிகை கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை. கொதிக்கவைக்கவே இல்லை. என் மகன் சின்னவன் டம்ளரில் வாங்கிக் குடித்தான்.

ஏப்ரல் 26, சனி

மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்த்தால் பீர்க்கன் இலை அத்தனையும் தொங்கிவிட்டது. குடத்தோடு ஓடினேன். "ஊத்தாத, பொழுது சாயட்டும்" என்று அமுச்சி தடுத்துவிட்டார். மண்ணை விரலால் தோண்டினால் ஈரம் இருக்கிறது. அகலமான இலை, உச்சி வெயிலில் அப்படித்தான் சோரும். ஆறு மணிக்குத் தானாக நிமிர்ந்து நின்றது. போன வருஷம் இதே நேரத்தில் ஊற்றி ஊற்றித்தான் இரண்டு கொடியின் வேரை அழுக வைத்தேன் என்பது இப்போது தெரிகிறது.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இன்றைக்குத் தெரிந்தது. பூ நிறைய வைக்கிறது, பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடுகிறது என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். "எப்பப் போய்ப் பாக்கற?" என்றார். காலையில் என்றேன். "பீர்க்கம்பூ வெளக்கு வெக்கற நேரத்துக்கல்லோ விரியும்." தோட்டத்தில் அந்திக்கு வரும் விட்டில்கள் மூன்றாம் மாடிக்கு வருவதில்லை போலிருக்கிறது.

ஆறரைக்கு எல்லோரும் பந்தலடியில் உட்கார்ந்தோம். பூ அவிழ்வதைக் கண்ணெதிரே பார்க்க முடிகிறது. சுருண்டிருக்கும் மஞ்சள் இதழ் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, நாம் வேறு பக்கம் திரும்பிவிட்டுப் பார்ப்பதற்குள் விரிந்து நிற்கிறது. ஆண் பூ கொத்தாக வரும். பெண் பூ தனியாக, அடியில் விரல் நீளத்துக்கு வரிவரியான பிஞ்சோடு. சின்னவன் டார்ச் பிடித்தான். ஆண் பூவைப் பறித்து இதழை ஒதுக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்தேன். மூன்று பூ. ஒவ்வொன்றின் காம்பிலும் பனியன் துணியில் ஒரு முடிச்சு.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் இன்று தொடங்குகிறது. அமுச்சி ஒரு வாரமாக இந்த நாளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு படி இட்லி அரிசி, நேற்றே ஊறவைத்து மையாக ஆட்டியது. காலை நாலு மணிக்கு ஐந்து பங்கு தண்ணீரைக் கொதிக்கவைத்து, மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளறினோம். கூழ் கண்ணாடி போல ஆகவேண்டும், ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. பச்சைமிளகாயும் சீரகமும் அரைத்துப் போட்டோம். உப்பை மட்டும் குறைவாகப் போடச் சொன்னார். காய்ந்தால் அளவு சுருங்கிவிடும், உப்பு சுருங்காது. வெயில் ஏறுவதற்குள் சாயம் ஏறாத வெள்ளைத் துணியில் கரண்டி கரண்டியாக ஊற்றி முடித்தோம். மூலையில் கறுப்புக் குடை, காக்காய்க்கு.

காவலுக்குச் சின்னவன். பத்து மணிக்கு மேல்பக்கம் காய்ந்து அடிப்பக்கம் கூழாக இருக்கும் பதம் ஒன்று வரும். ஒரு வரிசை முழுக்கக் காணவில்லை. அமுச்சி அவனைத் திட்டவில்லை. "கடைசி வரிசை அவனுக்குன்னு தான் ஊத்துனேன்" என்றார்.

சாயங்காலம் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தோம். அதற்கப்புறம் ஒவ்வொன்றும் கிழியாமல் உரிந்து வந்தது. இன்னும் இரண்டு நாள் தட்டில் காயவேண்டும்.

முடிச்சுப் போட்ட மூன்று பீர்க்கனும் பிடித்துவிட்டது. இரண்டு பறித்தோம். தோலைச் சீவித் துவையலுக்கு எடுத்துக்கொண்டு, சதையில் பருப்புப் போட்டுக் கூட்டு. மூன்றாவதில் கை வைக்க விடவில்லை, அது விதைக்காம்.

மே 9, வெள்ளி

அவிநாசித் தேர் பார்த்துவிட்டு நொங்கு வாங்கிக்கொண்டு வரும்போதே மேற்கே கறுத்தது. மேற்குப் பாதியில் மோர்மிளகாய் கிடக்கிறதே என்று படியை இரண்டிரண்டாக ஏறினேன். நாலு நாளாகப் பகலில் வெயில், ராத்திரி திரும்பவும் அதே உப்புத் தயிரில் ஊறல், இன்றைக்குத்தான் தயிர் முழுக்க உறிஞ்சி முடிந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்கு முன்னால் ஓடிவந்து தட்டத்தனையும் உள்ளே எடுத்து வைத்திருந்தார். அவருக்கு ஒரு டப்பா மிளகாய் கட்டாயம்.

முக்கால் மணி நேரம் நல்ல மழை. அமுச்சி ஊருக்குப் போன் போட்டார். அங்கேயும் மழை. "எட்டு நா போகட்டும்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

மே 13, செவ்வாய்

மழைக்குப் பிறகு பைகளில் களை. பிடுங்கிப் போட்டதை அமுச்சி குப்பைக் கூடையிலிருந்து திரும்ப எடுத்தார். பாதி பருப்புக்கீரை. அதைப் போலவே தரையோடு படரும் இன்னொன்றும் கலந்திருந்தது. தண்டைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வருகிறது, அது வேண்டாம். பருப்புக்கீரையில் வெறும் தண்ணீர்தான் வரும், வாயில் போட்டால் லேசாகப் புளிக்கும். கிள்ளிப் பார்க்காமல் எதையும் சட்டியில் போடாதே என்று சின்னவனிடம் மூன்று முறை சொல்ல வைத்தார்.

ஆற்றோரம் எவ்வளவோ கீரை இருக்கே, பறிக்கலாமா என்று அவன் கேட்டான். நொய்யல் கரையில் வேண்டாம். சாயக்கழிவு பல வருஷம் ஓடிய ஆறு அது. 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிக்கும் கட்டுப்பாடு இறுகியது. இன்றைக்கும் சாக்கடை கலக்கிறது. அந்த மண்ணில் முளைப்பதை என் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன். ரோட்டோரத்திலும் பறிப்பதில்லை.

மே 18, ஞாயிறு

கோழி கூப்பிடக் கிளம்பி ஏழு மணிக்குத் தோட்டம் போய்ச் சேர்ந்தோம். வழியில் தெளுவு (பதநீர்), ஆளுக்கு ஒரு சொம்பு.

கிளுவை வேலி தளிர்த்திருந்தது. கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப்புல் இப்போதுதான் தலை நீட்டுகிறது. மூன்று வாரம் முன்னால் வெறும் செம்மண்ணாகக் கிடந்த ஓரமெல்லாம் கீரை. அமுச்சி குனியாமல், குச்சியால் காட்டிக்கொண்டே நடந்தார். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமுட்டி, சாரணை. நானும் சின்னவனும் பறித்தோம். வேரோடு பிடுங்கக் கூடாது, நுனி மட்டும். ஒரு செடி பிடித்திருக்கும் இடத்தில் பாதியை விட்டுவிட்டு அடுத்த இடம் போகவேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் பண்ணையும் தொய்யலும் ஒன்றாகத் தெரிந்ததாம். "இப்ப எலை நரம்பு கூடத் தெரியுது சாமி" என்று ஒவ்வொரு இலையாகக் கையில் வாங்கிப் பார்த்தார். பறித்ததைவிட அப்படிப் பார்த்த நேரம்தான் அதிகம்.

வேலியில் பிரண்டையும் இருந்தது, இளங்கணுவாக ஒரு மடி ஒடித்தேன். கையில் நல்லெண்ணெய் தடவாமல் நறுக்கினால் அரிக்கும். நன்றாக வதக்கிப் புளி வைத்து அரைத்தால் நாக்கில் அரிக்காது.

நாலு கீரையும் ஒரே மண்சட்டியில், துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டோடு வெந்தது. மத்தால் கடைந்து ராகிக் களிக்கு நடுவே குழி பறித்து ஊற்றினார் அமுச்சி. வீட்டுக்காரர் மூன்று உருண்டை சாப்பிட்டார். யாரும் பேசவில்லை.

மே 29, வியாழன்

நேற்றோடு கத்திரி முடிந்தது. மூன்று நாளாகப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிடித்துக்கொண்டது. தூசி பறக்கிறது, இனி எதையும் வெளியில் காயப் போட முடியாது. வடகம் இரண்டு டின், மோர்மிளகாய் ஒன்று, கொத்தவரை வத்தல் ஒன்று, வேப்பம்பூ ஒரு பாட்டில்.

அமுச்சி காலையில் ஊருக்குப் போய்விட்டார். போகுமுன் மேற்குப் பாதியைக் கூட்டித் துணியை மடித்துப் பரணில் வைத்தார். அந்தப் பாதியில் பை அடுக்கிவிடாதே என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் அடுக்கப் போவதில்லை.

விதைப் பீர்க்கன் இன்னும் கொடியிலேயே தொங்குகிறது. பச்சை மாறி வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. தோல் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று கேட்டால்தான் பறிக்கவேண்டும் என்பது அமுச்சி சின்னவனிடம் சொல்லிவிட்டுப் போனது. பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கிறது. சாயங்காலம் காற்றில் அவிழ்ந்த வலை முடிச்சுகளை நான் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்டூல் போட்டு ஏறிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான்.

"ஒண்ணும் கேக்கலீங்ம்மா."